மாறும் ரவி, மாறாத ரவி

பத்து வயதில் நம் உடம்பில் ஓடிய சிவப்பணுக்களில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 120 நாள்தான். ஆனால் கண் வில்லையின் நடுவே இருக்கும் புரதம், நாம் கருவில் இருந்தபோதே உருவானது, கடைசிவரை புதுப்பிக்கப்படுவதில்லை. அழிந்து பிறப்பதும் அப்படியே நிலைப்பதும் ஒரே உடம்புக்குள் நடக்கின்றன. மனத்துக்கும் இது பொருந்துமா? நாவலில் சிறுவனாக வந்து இளைஞனாக நிற்பவனை ஒரே ஆள் என்று நாம் எதைக் கொண்டு நம்புகிறோம்?

இதற்கு விடை தேட நல்ல இடம் மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங். எழுத்தாளர் கே.எஸ். மணியம் 1942இல் அங்கேதான் பிறந்தார். மருத்துவமனையில் துணி வெளுத்தவரின் மகன். கொஞ்ச காலம் தமிழ்ப்பள்ளி, பிறகு சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலப்பள்ளி, அப்புறம் ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்து. 1981இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலின் நாயகன் ரவி ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கிறான்.

ரவியின் பாட்டி பெரியதாய் நடராசர் சிலையோடு இந்தியாவிலிருந்து வந்தவள். உழைத்து ஒரு வீடு கட்டினாள். நிலத்துக்குப் பட்டா கிடைக்கவில்லை. ரவியின் அப்பாவும் பிற்காலத்தில் ஆற்றங்கரையில் தனக்கென்று ஒரு வீடு எழுப்பி, அந்த வெறியிலேயே தீயில் மாண்டுபோகிறார். ரவியோ மிஸ் நான்சியின் வகுப்பில் ஆங்கிலக் கதைகளுக்குள் புகுந்து, வீட்டைவிட்டு விலகிக்கொண்டே போகிறான். பார்வைக்கு முழுதாக மாறிவிட்டவன்தான்.

இங்கே உளவியல் ஒரு திறவுகோல் தருகிறது. அமெரிக்காவின் கோடைமுகாம் ஒன்றில் வால்டர் மிஷெல், யூச்சி ஷோடா முதலியோர் சிறுவர்களை வாரக்கணக்கில் கவனித்தார்கள். ‘முரடன்’, ‘சாது’ என்ற பட்டங்கள் எந்தப் பிள்ளைக்கும் முழுதாக ஒட்டவில்லை. ஒருவன் தோழன் சீண்டினால் பொறுத்துக்கொள்வான், பெரியவர் கண்டித்தால் சீறுவான். இன்னொருவன் அதற்கு நேர்மாறு. நாள்கள் ஓடினாலும் ‘இன்னது நேர்ந்தால் இப்படி நடப்பான்’ என்ற அந்த அமைப்பு பலரிடம் நிலையாக இருந்தது. நடத்தை இடத்துக்கு இடம் மாறுகிறது. மாறும் முறை மாறுவதில்லை.

ரவியை இப்போது மறுபடி பாருங்கள். கால் ஊன்ற இடமில்லாதபோதெல்லாம் அவன் சொல்லைத் தேடிப் போகிறான். பாட்டி மண்ணைத் தேடினாள், அப்பா வீட்டைத் தேடினார், இவனுக்கு மொழி. சிறுவனாக வகுப்பறையில் செய்ததையே தந்தையை இழந்த பிறகும் செய்கிறான்: நாவல் அவனுடைய கவிதையோடு முடிகிறது. மாறியது திசை மட்டும்தான். அன்று சொற்கள் அவனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போயின. இறுதியில் அதே சொற்கள் அப்பாவிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன.

நாவலாசிரியர்கள் இளம் வயதை விரும்பி எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. உளவியலாளர்கள் பிரென்ட் ராபர்ட்ஸும் வெண்டி டெல்வெக்கியோவும் ஆளுமை பற்றிய நெடுங்கால ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2000இல் வெளியிட்டார்கள். குணங்களின் நிலைத்தன்மை குழந்தைப் பருவத்தில் மிகக் குறைவு. வயது ஏற ஏற அது கூடி, ஐம்பதுக்குமேல் உச்சத்தை எட்டுகிறது. குழந்தையிடமும் அது இல்லாமலில்லை. ஆகவே இளையவன் களிமண்ணும் அல்ல, கல்லும் அல்ல. பள்ளி, ஆசிரியர், ஊர், மொழி எல்லாம் அவன்மேல் கைவைக்க முடிகிற காலம் அது.

அதனால் ஒரு கதைமாந்தரைப் பற்றிப் பேசும்போது ‘இவன் எப்படிப்பட்டவன்?’ என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ‘எது நேர்ந்தபோது என்ன செய்தான், அதே நிலை திரும்பி வந்தபோது என்ன செய்தான்?’ என்று பக்கங்களை ஒப்பிட்டுக் கேட்கவேண்டும். ரவியைப் போன்ற பிள்ளையை ‘இவன் இப்படித்தான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பெரியவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டால், அந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பது தெரியும்.