கல்லூரி அழைக்குமா?

தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் மதிப்பெண். மிஞ்சினால் விளையாட்டு ஒதுக்கீடு. கரணம் அடிக்கத் தெரிந்த பெண்ணைப் பல்கலைக்கழகமே தேடிவந்து சேர்த்துக்கொள்ளும் என்பதை 2023 ஜூனில், ஒஹாயோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அறிந்தேன்.

பேத்தி ஆறு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்கிறாள். வாரத்துக்கு இருபது மணி நேரம் பயிற்சி. கம்பியில் தொங்கித் தொங்கி உள்ளங்கை உரிந்திருக்கும். பார்க்க எனக்குத்தான் வயிற்றைப் பிசையும். அவளோ பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கே படிப்படியாக ஏறி பத்தாம் நிலைக்கு வந்தவர்களைத்தான் பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்கும். இவள் பத்தாம் வகுப்பிலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டாள்.

ஒரு விசித்திரமான விதி உண்டு. மாணவி கல்லூரிப் பயிற்சியாளருக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 பிறக்கும்வரை அவர் பதில் போடக்கூடாது. முன்பெல்லாம் எட்டாம் வகுப்புக் குழந்தைகளிடமே வாக்கு வாங்கிவிடுவார்களாம். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அன்று நள்ளிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் தோழிகளின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன என்று மறுநாள் கேள்விப்பட்டோம். இவளுடையது ஒலிக்கவே இல்லை. கணுக்கால் முறிந்து அந்தப் பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தவளை யார் கூப்பிடுவார்கள்?

"தாத்தா, நீங்க போய்ப் படுங்கோ" என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் என்னை வாட்டியது.

அப்போது ஒரு பெரிய கல்லூரியின் பெண்கள் அணிக்கு 12 முழு உதவித்தொகைதான். நாலு ஆண்டுக்கு அந்தப் பன்னிரண்டு பேர் என்றால், ஆண்டுக்கு மூன்று, நான்கு இடம் காலியாகும். கால் தேறியதும் ஒவ்வொரு வித்தையையும் படம் பிடித்து ஊர் ஊராக அனுப்பினாள். 2024 இலையுதிர் காலத்தில் ஒரு பல்கலைக்கழகம், உதவித்தொகை இல்லாமல் அணியில் இடம் தருவதாகச் சொன்னது. மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்து, "வேண்டாம், படிப்பைப் பார்க்கட்டும்" என்றார். மகள் அழுதாள். நான் மாப்பிள்ளை பக்கம் பேசினேன். பேத்தி ஒரு வாரம் என்னோடு தொலைபேசியில் பேசவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

அதற்குள் அங்கே சட்டச் சிக்கல் ஒன்று. விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தால், 2025-26 முதல் அதில் சேரும் கல்லூரிகள் ஒவ்வோர் அணிக்கும் உச்சவரம்பு வைக்க வேண்டும். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு 20 பேர். உதவித்தொகை இல்லாதவர்கள்தான் முதலில் கழன்றார்கள். இவளுக்கும் இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் என்று சிறியவை உண்டு. விளையாட்டுக்காக ஒரு காசும் தரக்கூடாது. படிப்பையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து உதவலாம். அப்படி ஒன்றின் பயிற்சியாளர் நேரில் அழைத்துச் சுற்றிக் காட்டி, "கால் எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேட்டாராம். அதற்காகவே அங்கே சேர்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

சென்ற ஜனவரியில் அவளுடைய முதல் போட்டி. இங்கே விடியற்காலை, கணினி முன் நானும் என் மனைவியும். ஒவ்வொரு கருவியிலும் ஆறு பேர் ஆடுவார்கள், சிறந்த ஐந்து மதிப்பெண்களே அணிக்குச் சேரும். பத்து சென்டிமீட்டர் அகல மரக்கட்டையில், ஆறாவதாக ஏறினாள். எங்கள் வீட்டு வாசற்படிகூட அதைவிட அகலம்.

"விழாம இருந்தாப் போதும்" என்று இவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை தடுமாறினாள், விழவில்லை. 9.35. ஐந்தில் ஒன்றாக அது சேர்ந்தது.

பால்காரர் மணி அடித்ததை இருவருமே கேட்கவில்லை.