கட்டர் தேய்ந்தால் கணக்கு மாறுமா?

ஒரு தீப்பெட்டியைத் தாளின்மீது வையுங்கள். வாஷரின் துளையில் பென்சில் முனையை நுழைத்து, வாஷரின் விளிம்பு பெட்டியை ஒட்டியே இருக்கும்படி ஒரு சுற்று வாருங்கள். தாளில் விழும் கோடு பெட்டியின் அளவில் இராது. எப்பக்கமும் வாஷரின் ஆரத்தளவு தள்ளியே விழுந்திருக்கும்.

சி.என்.சி. மில்லிங் எந்திரத்திலும் இதே தொல்லைதான். எந்திரம் நகர்த்துவது கட்டரின் மையத்தை. உலோகத்தைச் சீவுவதோ அதன் விளிம்பு. 50 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றின் பக்கங்களை 12 மி.மீ. விட்டமுள்ள கட்டரால் சீவ வேண்டும் என்க. மையம் 62 மி.மீ. சதுரத்தில் ஓட வேண்டும். அந்த 62-ஐயே நிரலில் எழுதிவிட்டால் என்ன? எழுதலாம். ஆனால் கட்டர் மழுங்கி, சாணை பிடித்தபின் 11.8 மி.மீ. ஆயிற்றென்றால், கட்டை 50.2 ஆக வந்து நிற்கும். வரைபடம் 0.05-க்கு மேல் பிழை பொறாது எனில், நிரலைத் திருத்த வேண்டியதுதான். சதுரமானால் நான்கே மூலைகள். வளைவுகள் நிறைந்த அச்சு என்றால் எத்தனை எண்கள்!

இதற்குக் கண்ட வழியே கட்டர் விட்ட ஈடு. நிரலில் வரைபடத்தின் 50-ஐயே எழுதுகிறோம். கட்டரின் ஆரமாகிய 6-ஐ எந்திரத்தின் நினைவகத்தில் தனியே பதிகிறோம். விலகிச் செல்லும் பாதையை எந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். சாணை பிடித்தால் 6-ஐ 5.9 ஆக்கினால் போதும். நிரலைத் தொட வேண்டாம்.

எப்பக்கம் விலகுவது? ஜி 41 என்றால் செல்லும் திசைக்கு இடப்புறம்; ஜி 42 என்றால் வலப்புறம்; ஜி 40 ஈட்டை நீக்கும். கோயிலை வலம் வருகையில் கருவறை நம் வலக்கைப் பக்கம் இருக்கிறதல்லவா? கட்டரும் அவ்வாறே கட்டையைச் சுற்றினால், அது இடப்புறம் விலக வேண்டும். ஆகவே ஜி 41. கைதவறி 42 என்று எழுதினால் மையம் கட்டைக்குள் புகுந்து 38 மி.மீ. சதுரத்தில் ஓடும், மிஞ்சுவது 26 மி.மீ. கட்டை!

இன்னொன்று: சில எந்திரங்கள் ஆரத்தைக் கேட்கும், சில விட்டத்தைக் கேட்கும். ஆரம் கேட்குமிடத்தில் 12 என்று பதிந்தால் கட்டை பெருத்து நிற்கும்; மீண்டும் சீவலாம். விட்டம் கேட்குமிடத்தில் 6 என்று பதிந்தாலோ பக்கத்துக்கு 3 மி.மீ. கூடுதலாகத் தின்றுவிடும். போன உலோகம் திரும்பாது.

அனுபவமுள்ளவர்கள் எந்திரத்திடம் வேண்டுமென்றே ஒரு பொய் சொல்வதுண்டு. முதலில் ஆரம் 6.3 என்று பதிந்து சீவுவார்கள், பக்கத்துக்கு 0.3 மி.மீ. மிச்சம் நிற்கும். பிறகு 6 என்று மாற்றி அதே நிரலை மறுபடி ஓட்டினால் வழவழப்பான இறுதிச் சீவல். அளந்து பார்த்து 50.06 வந்தால் ஆரத்தில் 0.03 குறைத்து மீண்டும் ஒரு முறை.

ஈட்டைத் தொடங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கட்டர் பொருளைத் தொடுமுன், வெளியே, ஒரு நேர்கோட்டு நகர்விலேயே அது விலகி முடித்திருக்க வேண்டும். அந்த நகர்வு ஆரத்தைவிடச் சற்று நீளமாக இருப்பது நல்லது. உட்குழிந்த மூலையின் வளைவு 5 மி.மீ. ஆரமாயிருக்க, 6 மி.மீ. ஆரக் கட்டரை அனுப்பினால் அங்கே நுழைய இடமில்லை. பல எந்திரங்கள் எச்சரித்து நின்றுவிடும். சிறிய கட்டரை மாட்டி, அதன் ஆரத்தைப் பதிந்து, மறுபடி தொடங்க வேண்டியதுதான்.