நெகட்டிவ் வந்தவள்தான் ஜாக்கிரதை

அக்கா மகள் பத்து வாரக் கர்ப்பம். அல்சூரில் கூட்டுக் குடித்தனம். போன வாரம் ரிப்போர்ட்டோடு வந்து நின்றவள் முகத்தில் ஈயாடவில்லை.

"சித்தி, எனக்கு டாக்ஸோபிளாஸ்மா பாசிட்டிவாம். அத்தை பூனையை ஏரிக்கரையில விட்டுட்டு வரச் சொல்றாங்க. எங்க ஓரகத்திக்கு நெகட்டிவ். அவங்க பூனைப் பக்கமே போனதில்லையே!"

ஓரகத்திக்கு நாலு மாதம். அவளுக்கு வீட்டில் கேசரி கிண்டினார்களாம்.

இருபத்தைந்து வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள் நான். பேர் வேண்டாம், ஒரு லேபில் கர்ப்பிணி என்று யார் வந்தாலும் டார்ச் என்ற தொற்றுப் பரிசோதனை பேக்கேஜைத் தலையில் கட்டிவிடுவோம். விளக்கிச் சொல்லத்தான் ஆளிருக்காது.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். எதிர்ப்புப் பொருள்களில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். அந்தக் கிருமி எப்போதோ வந்துபோய், உடம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியும் தேடிக்கொண்டாயிற்று. இவள் பிள்ளைக்குப் பொதுவாகப் பயமில்லை. கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்றினால்தான் ஆபத்து. இரண்டுமே நெகட்டிவ் என்றால் இதுவரை தொற்றவில்லை, இனிமேல் தொற்றலாம். கேசரி சாப்பிட்டவள்தான் கவனமாக இருக்க வேண்டியவள்.

ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தாலும் உடனே அழ வேண்டியதில்லை. சிலருக்கு அது வருஷக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அவிடிட்டி என்று ஒரு பரிசோதனை உண்டு. தொற்று பழசா புதுசா என்று தெரிந்துகொள்ள உதவும். புதுசுதான் என்றால் ஸ்பைராமைசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தாய்க்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்றினால் பிள்ளைக்குப் போவது குறைவு. போனால் கருச்சிதைவு, மூளையில் நீர் கோத்தல் என்று பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் சுலபமாகப் போகும், பாதிப்பு லேசு. ஆனால் பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளைக்கு வருஷங்கள் கழித்துக்கூடக் கண்ணில் கோளாறு வரலாம்.

பூனைக்கு வருவோம். அது பொதுவாக முதல்முறை தொற்றும்போது மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை, மலத்தில் கிருமியின் முட்டைகளை வெளியேற்றும். அவை பிறருக்குத் தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மலத்தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். தடவிக் கொடுத்ததால் ஒட்டிக்கொள்ளும் நோயில்லை. பச்சைக் கறி போடாமல் வீட்டுக்குள்ளேயே வளர்த்தால் இன்னும் நல்லது.

முட்டைகள் ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கும் மேல் உயிரோடிருக்கும். பூந்தொட்டி கிளறினால் கையுறை வேண்டும், கே.ஆர். மார்க்கெட் கீரையை மண் போக அலசவேண்டும். தண்ணீரும் லேசில்லை. 2004-05இல் கோயம்புத்தூரில் இந்தத் தொற்று விழித்திரையைத் தாக்கி, அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். மருத்துவர்களின் சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. குளோரினுக்கு இந்த முட்டைகள் சாவதில்லை. டேங்கர் தண்ணீர் வாங்கும் நம் பெங்களூர்க்காரர்கள் கொதிக்கவைத்துக் குடிப்பதே மேல்.

ஆட்டுக்கறியிலும் கிருமி இருக்கலாம். குக்கரில் வெந்த குழம்பில் பயமில்லை. பாதி வெந்த கபாப், கறி நறுக்கிய பலகையிலேயே நறுக்கும் வெள்ளரிக்காய், இதெல்லாம்தான் வம்பு.

இப்போது மலத்தட்டு மாப்பிள்ளை பொறுப்பில். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்கிறாராம். சம்பந்தியம்மாவுக்குத்தான் என்மேல் கோபம். கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கைமாவில் உப்புப் பார்க்க மூத்த மருமகளை, அதாவது அந்த நெகட்டிவ் ஓரகத்தியைக் கூப்பிடுவது அவர் வழக்கம். கூடாது என்று சொல்லிவிட்டேன்.