கணினித் தொழில் : பயிற்சியும் பட்டமும்

தர்மபுரத்திலிருந்து மேற்கே பரந்தனை அடைந்து, ஏ-9 வீதியில் தெற்கு நோக்கிச் செல்லும் மாணவன், கிளிநொச்சி நகரைக் கடந்ததும் அறிவியல் நகரைக் காண்பான். கணினித் தொழிலுக்குரிய இருவேறு வாயில்கள் அவ்வோரிடத்தே அமைந்துள்ளன. 2014 ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் ஒன்று; 2016 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மற்றொன்று.

முன்னதனுட் புகுவோர் க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைக் கற்று வெட்டுப்புள்ளியைத் தாண்டல் வேண்டும். அப்பாடங்களுக்கு ஆசிரியர் வாய்க்காத பள்ளியிற் பயின்றவனுக்கு, அவன் எத்துணை மதிநுட்பமுடையனாயினும், அவ்வாயில் பதினாறு பதினேழு வயதிலேயே அடைபட்டுவிடுகின்றது. பின்னதோ செய்முறைப் பயிற்சியை முதன்மையாகக் கொண்டது.

இவ்விரண்டனுள் உயர்ந்தது யாது என வினவுதல் பயனற்றது. எது எதனைத் தருகின்றது என்பதே வினாவற்பாலது. பத்து இலட்சம் பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடும் நிரல் வேண்டப்படுகின்றது எனக் கொள்வோம். நன்கு பயின்ற இளைஞன் அதனை விரைவில் எழுதி இயக்கிக் காட்டுவான். ஆனால் அந்நிரல் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுமாயின், பத்து இலட்சம் தடவை ஒப்பிடவும் நேரலாம். பட்டியலை அகரவரிசைப்படுத்தி, நடுப்பெயரை நோக்கி, வேண்டாத பாதியை விலக்கிக்கொண்டே செல்லின், ஏறத்தாழ 20 ஒப்பீடுகளே போதும். ஒன்றை இருபது முறை இரட்டித்தால் பத்து இலட்சத்தை விஞ்சும் என்பதே இதன் காரணம். நிரல்மொழிகள் மாறும்; இக்கணக்கு மாறாது. பல்கலைக்கழகக் கல்வி தருவது இத்தகைய காரண அறிவை. அக்காரணத்தை அறிந்தும், பழுதுற்ற கணினியொன்றைத் திறக்கக் கைகூசும் பட்டதாரியும் உளன் என்பதை மறைத்தல் ஆகாது.

பயிற்சி வழி இடையில் முடிந்துவிடுவதன்று. தேசிய தொழிற்றகைமை 7 மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. முதல் நான்கும் சான்றிதழ்கள். 5 உம் 6 உம் டிப்ளோமாக்கள். 7 பட்டத்துக்கு நிகரானது. இம்மட்டத்துக்கெனவே 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. இஃதன்றி, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொழில் செய்துகொண்டே கற்கலாம். அது ஆங்கில மொழியில் நடைபெறுவது. ஆதலின், பயிற்சிக் காலத்து மாலைகளிற் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கைவிடாது பயில்வோருக்கே அது எளிதில் வாய்க்கும்.