ஊசியும் ஒற்றைத் தலைவலியும்

ஒற்றைத் தலைவலியால் வருந்துவோரைக் கண்டால், அது வராதவர்களுக்கு எப்போதும் சிறிது சந்தேகந்தான். காய்ச்சலைப் போல் கருவி கொண்டு அளக்க முடியாது. காயத்தைப் போல் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுப் பெண்மணி இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டால், "வேலைக்கு அஞ்சிய பாசாங்கு" என்று சொல்லும் நாவுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. இது பாசாங்கன்று, மூளையையும் நரம்புகளையும் பற்றிய மெய்யான நோய். ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாக வாட்டுகிறது.

இந்நோய்க்குச் சீன தேசத்து ஊசி வைத்தியமாகிய அக்குபங்சர் பயன்படுமா? இவ்வைத்தியம் நம் நாட்டிற்கு வந்த வரலாறே பெருமை தருவது. 1938-ம் ஆண்டில், ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீனருக்கு உதவியாகக் காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களை அனுப்பிற்று. அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். மற்றொருவரான கல்கத்தா டாக்டர் பி. கே. பாசு, பிற்காலத்தில் மீண்டும் சீனா சென்று ஊசி வைத்தியம் பயின்று, அதை இங்கே பரப்பினார்.

மயிரிழை போன்ற ஊசிகளைக் குறித்த இடங்களில் செருகிச் சிறிது நேரம் வைத்திருப்பதே முறை. 'சீ' என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகளில் அவ்விடங்கள் அமைந்துள்ளன என்பது சீனரின் பழங்கொள்கை.

ஜெர்மனியில் 302 நோயாளிகளை வைத்துச் செய்த பரீட்சையொன்றின் முடிவு 2005-ல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு முறைப்படி ஊசி. மற்றொரு சாராருக்குத் தொடர்பற்ற இடங்களில் மேலோட்டமான போலி ஊசி. மூன்றாம் சாரார் சிகிச்சைக்குக் காத்திருந்தனர். தலைவலி நாட்கள் பாதியளவேனும் குறைந்தவர்கள், முறையே நூற்றுக்கு 51, 53, 15 பேர். ஊசி பலன் தந்தது. ஆனால் இடம் தவறிய ஊசியும் அதே பலனைத் தந்தது! 2016-ல் 22 பரீட்சைகளை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், முறையான ஊசி போலி ஊசியைவிடச் சிறிதளவே மேலானது என்றும், தடுப்பு மருந்துகளுக்கு அது இளைத்ததன்று என்றும் கண்டனர்.

ஆகவே, மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரின் யோசனையுடன் இதை முயன்று பார்ப்பதில் தவறில்லை. நோய் வேரோடு அகலும் என்று வாக்களிப்பவரை நம்ப வேண்டாம். தேர்ந்த கைகளும், ஒருமுறையே பயன்படுத்தும் புதிய ஊசிகளும் அவசியம். திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் ஊசியைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

எந்த வைத்தியத்தை நாடினாலும், நோயாளியின் சொல்லை வீட்டார் நம்புவதே முதற்படி. அதற்குச் செலவு ஏதுமில்லை.