நீச்சல் குளத்துக்குக் கிணற்று நீர்: கேரளத்தில் எடுபடுமா?

புது தில்லி: மூடிய நீச்சல் குளங்களைக் கட்டுவதைவிட, அவற்றின் கூரையையும் சுவரையும் ஈரத்திலிருந்து காப்பதே பெரும்பாடு. 2010 காமன்வெல்த் போட்டி நடந்த தில்லி சியாம பிரசாத் முகர்ஜி வளாகம் போன்ற இடங்கள் எதற்கும் இதில் விலக்கில்லை. குளிர்நாடுகளில் இதற்கு எளிய வழி உண்டு. சுமார் 10 டிகிரியில் கிடைக்கும் கிணற்று நீரைக் குழாய்ச் சுருளில் பாய்ச்சினால் போதும். காற்றிலுள்ள ஈரம் நீராகி வடிந்துவிடும்.

திருவனந்தபுரத்தில் அது நடவாது. நிலத்தடி நீரின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். தமிழ் வணிகர்கள் பலர் கடை வைத்துள்ள சாலைக் கடைவீதியில் கிணறு தோண்டினாலும் ஏறக்குறைய 27 டிகிரி நீரே வரும். நீச்சல் கூடத்துக் காற்றின் ஈரம் நீராக மாறவோ சுமார் 20 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். ஆக, இயந்திரம் கக்கும் வெப்பத்தைச் சுமந்து செல்லத்தான் அந்த நீர் உதவும்.

அதிலும் கணக்கு இடிக்கிறது. நீர் 5 டிகிரி மட்டும் சூடேற அனுமதித்தால், 1 லிட்டர் ஈரத்தைப் பிரிக்க 110 லிட்டருக்கு மேல் கிணற்று நீர் தேவை. அவ்வளவையும் சாக்கடையில் விடுவதா?

பிளாச்சிமடை கோக-கோலா ஆலை 2004ல் நிறுத்தப்பட்ட மாநிலம் இது. நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2002லேயே இயற்றியது. எடுத்த நீரை நிலத்துக்கே திருப்பாத திட்டத்துக்கு இங்கு அனுமதி தரலாகாது. அகற்றும் வெப்பத்தைக் குளத்து நீருக்கே திருப்பித் தரும் இயந்திரங்கள் இருக்கும்போது, கிணற்றைத் தேடிப் போவானேன்?