ஏழு ஷில்லிங் கிராமம்

கூலி குறையாமல் இருக்கச் சங்கம் வைத்த ஆறு பேரை அரசு கடல் கடத்தியது. நாடே திரண்டு அவர்களை மீட்டது. ஆனால் அவர்களில் ஐந்து பேருக்குச் சொந்த ஊர் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில் இருக்கிறது டால்படில். ஒரு சிற்றாறு, ஒரு பழைய தேவாலயம், சாலையோரம் சில வீடுகள். ஊர் நடுவே 300 வயதைத் தாண்டிய ஒரு சிக்கமோர் மரம். 1833ல் பண்ணைக் கூலிகள் சிலர் இதன் அடியில்தான் கூடிப் பேசினார்கள் என்கிறது ஊர். அந்தப் பேச்சின் விளைவாகவே, வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய இந்தச் சிற்றூர் உலகத் தொழிற்சங்க வரலாற்றில் இடம் பிடித்தது.

பிரச்சினை கூலிதான். அக்கம்பக்கத்தில் வாரக் கூலி 10 ஷில்லிங். டால்படிலிலும் அதையே தருவதாகப் பண்ணை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள், பாதிரியார் சாட்சி. ஆனால் கைக்கு வந்தது 9. பிறகு 8. அதன் பின் 7. அடுத்து 6தான் என்று அறிவிப்பு வந்தது. அப்படி ஒரு பேச்சுக்குச் சாட்சியாக இருந்ததையே பாதிரியார் மறுத்துவிட்டார் என்று பிற்பாடு எழுதினார் ஜார்ஜ் லவ்லெஸ்.

கலப்பை பிடிக்கும் கூலியாளான லவ்லெஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் பிரசங்கியார். சொந்த முயற்சியில் படித்தவர். பட்டினியோடு கலகத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1830ல் தென் இங்கிலாந்து முழுக்கக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்கள். 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். சுமார் 500 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். லவ்லெஸ் தேர்ந்தெடுத்தது வேறு வழி. எதையும் உடைக்காமல், எவரையும் மிரட்டாமல், சேர்ந்து நின்று கூலி பேசுவது.

சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. தொழிலாளர் கூட்டு சேர்வதற்கு இருந்த தடை 1824ல் நீக்கப்பட்டிருந்தது. 1833 அக்டோபரில் சங்கம் பிறந்தது. சேர 1 ஷில்லிங், பிறகு வாரம் 1 பென்னி. தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் குடிசை மாடியில் கூட்டம் நடக்கும். புதிதாகச் சேருபவர்களின் கண்ணைக் கட்டி, ஓர் எலும்புக்கூட்டுப் படத்தின் முன்னால் நிறுத்தி, ரகசியம் காப்பதாகச் சத்தியம் வாங்குவார்கள். அந்தக் காலச் சங்கங்களில் இது சாதாரண வழக்கம்.

அந்தச் சத்தியமே கண்ணியாக மாறியது.

வட்டாரத்தின் பெரிய நிலப்பிரபுவும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன், உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். சங்கம் வைத்ததற்காக வழக்குப் போட முடியாது. ஆனால் 1797ல் கடற்படையில் கலகம் வெடித்தபோது, ரகசியச் சத்தியங்களைத் தடை செய்து போட்ட சட்டம் ஒன்று புத்தகத்தில் கிடந்தது. மாலுமிகளுக்காக வந்த அந்தச் சட்டம் கூலிகள் மேல் பாய்ந்தது.

1834 பிப்ரவரி 24, விடியற்காலை. ஜார்ஜ் லவ்லெஸ், தம்பி ஜேம்ஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட், அவர் மகன் ஜான், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட் ஆகிய ஆறு பேரும் கைதாகி டார்செஸ்டர் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். மார்ச் மாதம் விசாரணை. வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று முடிவு செய்யும் ஜூரிக் குழுவில் ஃப்ராம்ப்டனே உட்கார்ந்திருந்தார். குழுவின் தலைவர் மெல்போர்னின் மைத்துனர். மார்ச் 19ல் தீர்ப்பு: ஆறு பேருக்கும் ஏழாண்டு நாடு கடத்தல். ஐந்து பேர் நியூ சவுத் வேல்ஸுக்கும் லவ்லெஸ் டாஸ்மேனியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஊரில் மனைவி மக்கள் தர்ம உதவி கேட்டபோது, சங்கத்துக்குச் சந்தா கட்ட முடிந்தவர்களுக்கு உதவி எதற்கு என்று கையை விரித்தார்கள்.

மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று கொடுத்த தண்டனை எதிர்பாராத பாடத்தைக் கற்பித்தது. ஏப்ரல் 21ல் லண்டனில் பல்லாயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தோடு வந்த மனுவை மெல்போர்ன் வாங்க மறுத்தார். குடும்பங்களுக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள் தொழிலாளர்கள். கிளர்ச்சி ஓயவில்லை. 1836 மார்ச்சில் முழு மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் லவ்லெஸ் ஊர் திரும்ப 1837 ஜூன் ஆனது. நால்வர் 1838ல் வந்தார்கள். ஹாமெட் வந்து சேர்ந்தது 1839ல்.

மீட்டுக் கொண்டுவர முடிந்ததே தவிர, பழைய வாழ்க்கையைத் திருப்பித் தர எவராலும் முடியவில்லை. அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள டார்செட்டில் எந்தப் பண்ணை முன்வரும்? திரட்டிய நிதியில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் குத்தகை நிலம் ஏற்பாடானது. அங்கும் பகை துரத்தியது. 1840களின் நடுவில் ஐந்து பேரும் கனடாவுக்குப் போய் நிலம் வாங்கிப் பயிர் செய்தார்கள். கடந்த காலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1874ல் லவ்லெஸ் அங்கேயே இறந்தார்.

டால்படிலுக்குத் திரும்பி வந்தவர் ஹாமெட் மட்டுமே. சத்தியம் வாங்கிய அன்று அவர் அங்கே இல்லவே இல்லை, சகோதரருக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நாடு கடத்தப்பட்ட கதையை அவர் அதிகம் பேசியதில்லை. கட்டட வேலை செய்து பிழைத்தார். 1875ல் விவசாயத் தொழிலாளர் சங்கம் அவருக்கு ஒரு கடிகாரம் பரிசளித்துக் கௌரவித்தது. டார்செட் பண்ணைக் கூலி அப்போதும் நாட்டிலேயே மிகக் குறைந்த கூலிகளில் ஒன்றாகத்தான் இருந்தது. 1884 வரை கிராமத்துக் கூலிக்கு ஓட்டும் இல்லை. 1891ல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் ஹாமெட் உயிர் பிரிந்தது. அடக்கத்தின்போது யாரும் சங்கத்தைப் பற்றிப் பேசிவிடக் கூடாது என்று நிலப்பிரபு ஒருவர் காவலாக வந்து நின்றார் என்று சொல்வார்கள்.

43 ஆண்டுகள் கழித்து, 1934ல், அந்த வெற்று மண்ணில் கல்லறைக் கல் எழும்பியது. எழுத்தைச் செதுக்கியவர் புகழ்பெற்ற சிற்பி எரிக் கில். அதே ஆண்டு தொழிற்சங்கக் காங்கிரஸ், ஓய்வு பெற்ற விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்க அந்த ஊரில் ஆறு வீடுகள் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஆறு பேரில் ஒருவர் பெயர். ஜூலை மாதம் நடக்கும் விழாவில் பதாகைகளோடும் வாத்தியங்களோடும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஹாமெட் கல்லறையில் மாலை வைக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று காவல் காத்த அந்த ஊரிலேயே மணிக்கணக்கில் மேடைப் பேச்சு நடக்கிறது. பேசப்படுவது பெரும்பாலும் கூலியைப் பற்றித்தான்.